சீனத் தூரிகை எழுத்தைத் தனியே கற்கத் தொடங்குபவருக்கு

சீன மொழி தெரியாத, அருகில் ஆசிரியர் எவரும் இல்லாத ஒருவர் சீனத் தூரிகை எழுத்துக்கலையை வீட்டிலிருந்தே கற்க முடியுமா, முடியுமென்றால் எந்த எழுத்துவகையில் தொடங்க வேண்டும், எவற்றை வாங்க வேண்டும், எவ்வளவு காலம் பிடிக்கும் என்பது கேள்வி. முடியும் என்பதே என் பதில். பதினோரு ஆண்டுகளாக நாள்தோறும் எழுதி வருபவன் என்ற முறையில் ஒன்றை முதலிலேயே சொல்லிவிடுகிறேன். தொடக்கநிலையில் தடுமாறுபவர்களுள் பெரும்பாலோருக்குக் குறை கையில் இருப்பதில்லை, கண்ணில்தான் இருக்கிறது. முன்மாதிரி எழுத்தில் ஒரு கோடு எங்கே தடிக்கிறது, எங்கே மெலிகிறது, எவ்வளவு சாய்கிறது என்று பார்க்கப் பழகாதவர் ஆயிரம் தாள் எழுதினாலும் தம் பழைய கையெழுத்தையே தூரிகையால் எழுதிக்கொண்டிருப்பார். ஆகவே முதல் ஓராண்டை முன்மாதிரியாக ஒரே கல்வெட்டு, ஒரே தூரிகை, ஒரே வகைத் தாள் என்று சுருக்கிக்கொண்டு, பார்க்கக் கற்பதற்கே செலவிடுமாறு வேண்டுகிறேன்.

சீனம் தெரியவில்லை என்பது தடையாகாது. ஆனால் ஒவ்வோர் எழுத்தின் கோட்டு வரிசையையும் அறிந்த பிறகே அதை எழுத வேண்டும். மேலிருந்து கீழ், இடமிருந்து வலம், கிடைக்கோட்டுக்குப் பின் குத்துக்கோடு, இடப்புறம் இறங்கும் இடச்சரிவுக்குப் பின் வலப்புறம் இறங்கும் வலச்சரிவு என்ற நான்கு விதிகள் பெரும்பாலான எழுத்துகளுக்குப் போதும். வரிசை மாறினால் ஒரு கோட்டின் முடிவிலிருந்து அடுத்த கோட்டின் தொடக்கத்துக்குக் கை காற்றில் செல்லும் பாதை அறுந்துபோகும். அந்தக் காணாத பாதைதான் எழுத்துக்கு உயிர்ப்பைத் தருகிறது. இன்னொன்றையும் நினைவில் வையுங்கள்: சீன நிலப்பகுதியில் 1950களில் எழுத்துகள் எளிமையாக்கப்பட்டன. நாம் பார்த்து எழுதப்போகும் முன்மாதிரிகள் எல்லாம் அதற்குப் பல நூற்றாண்டுகள் முற்பட்டவை என்பதால், பாடநூலிலோ கைப்பேசியிலோ காணும் வடிவமும் கல்வெட்டில் உள்ள வடிவமும் வேறுபடலாம். அப்போது கல்வெட்டையே பின்பற்றுங்கள்.

எழுத்துவகைகள் ஐந்து. முத்திரைகளில் இன்றும் காணப்படும் பழமையான ஜுவான்ஷூ, ஹான் அரசமரபுக் காலத்து அலுவலக எழுத்தான லீஷூ, ஒவ்வொரு கோடும் தனித்து நிற்கும் காய்ஷூ, கோடுகள் ஒன்றோடொன்று இழையும் சிங்ஷூ, பல கோடுகள் ஒரே வீச்சில் கரைந்துவிடும் ட்ஸாவ்ஷூ என்பன அவை. சிலர் லீஷூவில் தொடங்கச் சொல்வார்கள், கி.பி. 185-இல் வெட்டப்பட்ட ட்ஸாவ் சுவான் கல்வெட்டு அதற்கு மிக அழகிய முன்மாதிரி. அதில் தொடங்குவதும் தவறன்று. எனினும் நான் காய்ஷூவையே பரிந்துரைப்பேன். காய்ஷூ நிற்பதைப் போன்றது, சிங்ஷூ நடப்பதைப் போன்றது, ட்ஸாவ்ஷூ ஓடுவதைப் போன்றது, நிற்க முடியாதவர் நடந்ததும் இல்லை ஓடியதும் இல்லை என்று சோங் அரசமரபுக் காலத்துக் கவிஞரும் எழுத்துக்கலைஞருமான சூ ஷி எழுதினார். படங்களில் ட்ஸாவ்ஷூவின் வேகத்தைக் கண்டு மயங்கி அதிலேயே தொடங்குபவர்கள் பலர். அந்த வேகத்துக்குள் எத்தனை நிறுத்தங்களும் அழுத்தங்களும் உள்ளன என்பது காய்ஷூ பழகிய கண்ணுக்கே புலப்படும்.

காய்ஷூவுக்குள் யாரைத் தேர்வது? தாங் அரசமரபுக் காலத்து எழுத்துக்கலைஞர் மூவர் பெயரை எந்தச் சீன ஆசிரியரும் சொல்வார்: ஓவ்யாங் சுன் (557–641), யான் ஜென்சிங் (709–785), லியு குங்சுவான் (778–865). ஓவ்யாங் சுன் 632-இல் எழுதிய ஜியூசெங் அரண்மனைக் கல்வெட்டு, ஓர் இம்மி பிசகினாலும் எழுத்து சாய்ந்துவிடுவது போன்ற நுண்ணிய கட்டமைப்பு உடையது. ஆசிரியர் இன்றி அதை எடுத்தால் சோர்வுதான் மிஞ்சும். லியு குங்சுவானின் எலும்பு போன்ற உறுதி கவர்ச்சியானது. ஆனால் அந்தக் கூர்மையான மூலைகள் தொடக்கநிலையாளரின் கையில் விறைத்துப்போகும். நான் பரிந்துரைப்பது யான் ஜென்சிங் 779-இல், தம் எழுபதாம் வயதையொட்டி, தம் கொள்ளுப்பாட்டனாருக்காக எழுதிய யான் சின்லி கல்வெட்டு. அகன்ற தோள்களும் தடித்த குத்துக்கோடுகளும் உள்ளே தாராளமான வெற்றிடமும் கொண்ட எழுத்து அது. சிறு பிழைகளைப் பொறுத்துக்கொள்ளும். அதேவேளை பெரிய பிழைகளை மறைக்காது. அதைத் தேர்வதற்கு இன்னொரு காரணமும் உண்டு. நெடுங்காலம் மண்ணில் புதைந்திருந்து 1922-இல் ஷீஆன் நகரில் மீண்டும் கண்டெடுக்கப்பட்டதால், மற்ற புகழ்பெற்ற கற்களைப் போல நூற்றாண்டுக்கணக்கில் படியெடுக்கப்பட்டு அது தேயவில்லை; கோடுகளின் விளிம்பு இன்றும் தெளிவாக இருக்கிறது. இப்போது ஷீஆனின் பெய்லின் அருங்காட்சியகத்தில் இருக்கிறது. அதன் பெரிதாக்கப்பட்ட அச்சுப்பிரதி, ஒரு பக்கத்துக்கு ஆறு அல்லது எட்டு எழுத்துகள் வருமாறு, எளிதாகவே கிடைக்கும்.

இனிக் கருவிகள். தூரிகை, மை, தாள், மைக்கட்டியை உரைக்கும் மைக்கல் ஆகிய நான்கையும் படிப்பறையின் நான்கு செல்வங்கள் என்று சீனர் சொல்வர். ஜெஜியாங் மாநிலத்து ஹூஜோவ் தூரிகைக்கும், அன்ஹுயி மாநிலம் மைக்கும் ஸுவான் தாளுக்கும், குவாங்டோங் மாநிலத்து ஜாவ்சிங் மைக்கல்லுக்கும் பெயர் பெற்றவை. பட்டுப்பெட்டியில் நான்கும் அடுக்கி, முத்திரைக் கல்லும் சேர்த்து, பரிசுப்பொருளாக விற்கப்படும் தொகுப்புகளை வாங்க வேண்டாம் என்று மட்டும் அழுத்திச் சொல்வேன். நான் முதலில் வாங்கியது அப்படியொரு தொகுப்புதான். அதிலிருந்த தூரிகை பென்சிலைவிடச் சற்றே தடித்தது. அதைக் கொண்டு பெரிய எழுத்துகளை எழுத முயன்று ஆறு மாதங்களை வீணாக்கினேன். மயிர்க்கற்றை போதிய நீளமும் பருமனும் இல்லாதபோது கோட்டை அழுத்தித் தடிப்பாக்க இயலாது. அதனால் ஒரு கோட்டின் மேல் இன்னொரு கோடு பூசத் தொடங்குகிறோம். அந்தப் பழக்கத்தை விடுவதற்குக் கற்றதைவிட அதிகக் காலம் ஆயிற்று.

வாங்க வேண்டியது, மயிர்ப்பகுதி அடியில் ஏறத்தாழ 1 செ.மீ. விட்டமும் 4 முதல் 5 செ.மீ. நீளமும் கொண்ட ஒரே ஒரு தூரிகை. ஆட்டுமயிர்த் தூரிகை மென்மையானது, நிறைய மை குடிக்கும், ஆனால் அழுத்தத்தை எடுத்ததும் நிமிராது. 'ஓநாய் மயிர்' என்று பொருள்படும் பெயரில் விற்கப்படுவது உண்மையில் கீரியைப் போன்ற வீசல் என்னும் சிறு விலங்கின் வால்மயிர்; துள்ளி நிமிரும், விலையும் கூடுதல். இரண்டையும் கலந்து செய்த கலப்புமயிர்த் தூரிகையே தொடக்கத்துக்கு ஏற்றது. கடையில் பார்க்க வேண்டியவை நான்கு: முனை கூர்மையாகக் குவிய வேண்டும், நுனியைத் தட்டையாக்கினால் மயிர்கள் ஒரே அளவில் நிற்க வேண்டும், வயிற்றுப்பகுதி எல்லாப் பக்கமும் உருண்டிருக்க வேண்டும், வளைத்து விட்டால் நிமிர வேண்டும். புதிய தூரிகையின் முனை பசையால் விறைப்பாக இருக்கும். அதை வெதுவெதுப்பான நீரில் நனைத்து, பசை கரையும்வரை விரல்களால் மெல்ல நீவிக் கழுவிய பிறகே மையில் இட வேண்டும்.

மையைப் பொறுத்தவரை, புட்டியில் வரும் மையே போதும். 1865-இல் பெய்ஜிங்கில் தொடங்கப்பட்ட யீதகே என்னும் நிறுவனத்தின் மை பல தலைமுறைகளாக மாணவர்கள் பயன்படுத்துவது. புட்டி மை சற்றுக் கெட்டியாக இருந்தால் சில துளி நீர் சேர்க்கலாம். தட்டில் மீந்ததை மீண்டும் புட்டிக்குள் ஊற்றக் கூடாது, புட்டியே கெட்டு நாறும். விளக்குப்புகைக் கரியையோ பைன்மரப் புகைக்கரியையோ விலங்குப் பசையோடு சேர்த்து இறுக்கிய மைக்கட்டியைக் கல்லில் நீர் விட்டு உரைப்பது மனத்தை அடங்கச் செய்யும் நல்ல பழக்கம். ஆனால் நல்ல அடர்த்தி வருவதற்குக் கால் மணி நேரத்துக்கு மேலாகும். நாளொன்றுக்கு அரைமணி நேரம்தான் உங்களிடம் இருக்கிறது என்றால் அந்த நேரம் எழுதுவதற்கே போகட்டும். மைக்கல்லுக்கு மாற்றாக வழவழப்பான விளிம்புள்ள ஒரு பீங்கான் கிண்ணம் போதும். துணியில் இந்த மை பட்டால் போகாது. இதையும் இப்போதே சொல்லிவிடுகிறேன்.

தாளைப் பற்றி விரிவாகச் சொல்ல வேண்டும், ஏனெனில் தொடக்கநிலையாளரை அதிகம் ஏமாற்றுவது தாள்தான். ஸுவான் தாள் என்ற பெயர் எல்லோருக்கும் தெரியும். அன்ஹுயியின் ஜிங் மாவட்டத்தில் சிங்டான் மரப்பட்டையும் வைக்கோலும் கொண்டு செய்யப்படுவது. அதன் கைவினை 2009-இல் யுனெஸ்கோவின் மரபுப் பட்டியலில் சேர்ந்தது. சிறந்த தாள் என்பதாலேயே அதைத் தொடக்கத்தில் வாங்கக் கூடாது. படிகாரம் பூசாத பச்சை ஸுவான் தாள் மையை உடனே உறிஞ்சிப் பரப்பும். கை ஒரு நொடி தயங்கினாலும் அந்த இடம் மேகம்போல் ஊறிவிடும். படிகாரம் பூசிய ஸுவான் தாளோ மையை உறிஞ்சாமல் மேலேயே நிறுத்தும். நுண்ணிய ஓவியத்துக்குப் பொருந்தும், நமக்குப் பொருந்தாது. நாம் வாங்க வேண்டியது மாவ்பியன் என்னும் மஞ்சள் நிற மூங்கில்நார்த் தாள். விலை குறைவு, மிதமாக உறிஞ்சும். சதுரத்துக்குள் குறுக்கும் நெடுக்கும் மூலைவிட்டங்களும் அச்சிட்ட தாளாக, சதுரம் 7 முதல் 10 செ.மீ. வரை இருப்பதாகப் பார்த்து வாங்குங்கள். எந்தத் தாளையும் இப்படிச் சோதிக்கலாம்: மை தோய்ந்த முனையைத் தாளில் வைத்து மூன்று எண்ணுங்கள், அதற்குள் புள்ளியைச் சுற்றி அகன்ற வளையம் பரவிவிட்டால் அது உங்களுக்கு இன்னும் உரியதன்று. எதுவும் கிடைக்காவிட்டால் பழைய செய்தித்தாள் போதும். சீனாவிலேயே எத்தனையோ பேர் அதில் எழுதிப் பழகியிருக்கிறார்கள். நீரால் எழுதி உலரவிடும் துணி விரல்பழக்கத்துக்குப் பயன்படும். ஆயினும் மை தாளில் ஊறும் விதத்தை அது கற்பிக்காது என்பதால் அதை மட்டுமே நம்ப வேண்டாம். தாளுக்கு அடியில் ஒரு கம்பளித்துணி விரித்துக்கொள்ளுங்கள். மேசையின் வழவழப்பில் மை தேங்கித் தாளின் அடிப்பக்கம் ஒட்டிக்கொள்வதை அது தடுக்கும்.

தூரிகையைப் பிடிப்பது பேனாவைப் பிடிப்பதிலிருந்து அடியோடு வேறானது. தமிழ் எழுதிப் பழகிய கைக்கு இது கூடுதலாகவே அந்நியமாக இருக்கும். நம் எழுத்து பனையோலையில் எழுத்தாணியால் கீறி வளர்ந்தது. கோடு முழுவதும் ஒரே பருமன், வளைவுகள் நிறைய, அசைவு விரல்களில். சீன எழுத்தின் அழகு வளைவில் அன்று, ஒரே கோட்டுக்குள் நிகழும் பருமன் மாற்றத்தில் இருக்கிறது. அசைவு தோளிலிருந்தும் முழங்கையிலிருந்தும் வருகிறது. கொழும்பு தேசிய அருங்காட்சியகத்தில் ஒரு கல் இருக்கிறது. 1409 என்று நாளிடப்பட்டு, கடற்படைத் தலைவர் ஜெங் ஹேயின் பயணத்தோடு இலங்கைக்கு வந்து, 1911-இல் காலியில் கண்டெடுக்கப்பட்டது. சீனம், தமிழ், பாரசீகம் மூன்றும் அதில் பொறிக்கப்பட்டுள்ளன. இருவேறு கருவிகளில் வளர்ந்த இரண்டு எழுத்துகள் ஒரே கல்லில் நிற்பதைக் காண விரும்புபவர் அதை ஒருமுறை பார்க்கலாம்.

பிடிக்கும் முறை இது. கட்டைவிரல் உட்பக்கமிருந்து காம்பை அழுத்தும். சுட்டுவிரல் எதிர்ப்புறமிருந்து அழுத்தும். நடுவிரல் வெளிப்பக்கமிருந்து கொக்கிபோல் வளைத்து இழுக்கும். மோதிரவிரல் நகப்பக்கத்தால் உள்ளிருந்து வெளியே தள்ளும். சுண்டுவிரல் மோதிரவிரலைத் தாங்கும். காம்பு தாளுக்குச் செங்குத்தாக நிற்கும். விரல்கள் நிறைந்திருக்க, உள்ளங்கை ஒரு முட்டை வைக்கும் அளவுக்குக் காலியாக இருக்க வேண்டும். இறுக்கிப் பிடிப்பது எல்லோரும் செய்யும் பிழை. அரைமணி நேரத்தில் கட்டைவிரல் அடி வலித்தால் இறுக்கம் மிகுதி என்று பொருள். 7 செ.மீ.க்கு மேற்பட்ட எழுத்துக்கு மணிக்கட்டு மேசையில் படியக் கூடாது. முழங்கை மேசை விளிம்பை மெல்லத் தொட்டுக்கொண்டிருக்கலாம். முதல் வாரத்தில் கை நடுங்கும். அந்த நடுக்கம் எவருக்கும் வருவதே. இரண்டு மூன்று வாரங்களில் தானே அடங்கும், அதற்காக மணிக்கட்டைக் கீழே வைத்துவிடாதீர்கள்.

இனி எழுத்து. முதல் பத்து நாள்களுக்குக் கிடைக்கோடு ஒன்றை மட்டும் எழுதுங்கள். அதுவே 'ஒன்று' என்னும் எண்ணுக்கான எழுத்தும் ஆகும். தூரிகையின் மூன்றில் இரண்டு பங்கு மையில் நனையட்டும். கிண்ணத்தின் விளிம்பில் வழித்து முனையைக் கூராக்குங்கள். வலப்புறம் செல்லப்போகும் முனையை முதலில் இடப்புறமாக ஓர் இழை அளவு கொண்டுசென்று தாளில் இறக்குங்கள். அங்கிருந்து வலப்பக்கக் கீழ்ச்சரிவாக அழுத்துங்கள். இப்போது மயிர்க்கற்றை படுத்திருக்கும். அதைச் சற்றே தூக்கி நிமிர்த்தி, முனை கோட்டின் நடுவே ஓடுமாறு வலப்புறம் நகருங்கள். கோடு முற்றிலும் மட்டமாக இல்லாமல் வலப்புறம் சிறிதே ஏற வேண்டும். நடுப்பகுதியில் அழுத்தம் குறையும், ஆனால் வேகம் அதிகரிக்காது. முடிவை நெருங்கும்போது முனையை ஒரு மயிரளவு மேலே தூக்கி, மீண்டும் வலக்கீழாக அழுத்தி, வந்த வழியே சிறிது திரும்பி எடுத்துவிடுங்கள். தொடக்கமும் முடிவும் கணுக்களாகவும் இடைப்பகுதி மெலிந்தும் அமைந்து, ஒரு மூங்கில் துண்டு போலத் தோன்றும். இத்தனையும் நான்கைந்து நொடிகளில் நடக்கிறது. ஒரு தாளுக்கு முப்பது முறை என்று பத்து நாள் எழுதினால், 'ஒன்று' எழுதுவதில் இவ்வளவு இருக்கிறதா என்று நீங்களே வியப்பீர்கள்.

முனை நடுவே ஓடுகிறதா என்பதை அறிவது எளிது. கோட்டின் இரு விளிம்புகளும் ஒரே தன்மையில் இருந்தால் ஓடுகிறது. ஒரு விளிம்பு வழவழப்பாகவும் மற்றொன்று பல்பல்லாகவும் இருந்தால் தூரிகை பக்கவாட்டில் படுத்து, முனை ஓர் ஓரமாக உராய்கிறது. ஒவ்வொரு கோட்டுக்குப் பின்னும் முனை கோணியிருக்கும். அடுத்த கோட்டைத் தொடங்கும் அழுத்தத்திலேயே அது நிமிர வேண்டும். நிமிராதபோது மட்டும் கிண்ண விளிம்பில் சீர்செய்யலாம். எழுதி முடித்த கோட்டை ஒருபோதும் திருத்தாதீர்கள். ஒட்டுப்போட்ட கோடு ஈரமாக இருக்கும்போது சரியாகத் தெரியும்; உலர்ந்ததும் ஒட்டு தனியே தெரியும். தவறிய கோட்டைத் தவறியபடியே விட்டு அடுத்ததை எழுதுங்கள்.

பின்னர் குத்துக்கோடு, புள்ளி, நெடிய இடச்சரிவு, குறுகிய இடச்சரிவு, வலச்சரிவு, கொக்கி, மேலேறு கீற்று என்று ஒவ்வொன்றுக்கும் ஒரு வாரம் கொடுக்கலாம். இவை எல்லாவற்றையும் ஒரே எழுத்தில் காட்டும் மரபு ஒன்று உண்டு. 'என்றென்றும்' என்று பொருள்படும் யொங் என்ற எழுத்தில் எட்டு அடிப்படைக் கோடுகளும் அடங்கும். எழுத்துக்கலைஞர் வாங் ஷீஜி 353-இல் ஒரு கவிதைத் தொகுப்புக்கு எழுதிய புகழ்பெற்ற லான்டிங் முன்னுரை அந்த எழுத்தோடுதான் தொடங்குகிறது. பலர் முதல் நாளே இந்த எழுத்தை எழுதச் சொல்கிறார்கள். எனக்கு அதில் உடன்பாடு இல்லை. எட்டுக் கோடுகளையும் தனித்தனியே பழகிய பின் யொங்கை எழுதினால் அது சோதனையாக அமையும். முன்பே எழுதினால் எட்டுக் குழப்பங்களை ஒரே இடத்தில் சந்திப்பீர்கள். கோடுகளுள் கடினமானது வலச்சரிவு. மெலிந்து தொடங்கி, இறங்க இறங்கத் தடித்து, அடியில் ஒரு கணம் நின்று, பிறகு வலப்புறமாக மெல்ல விடுபட வேண்டும். அந்த நிற்றலை விட்டுவிடுவதால்தான் பெரும்பாலோரின் வலச்சரிவு வால் அறுந்ததுபோல் இருக்கிறது.

கோடுகள் கைக்கு வந்ததும் கல்வெட்டை எடுங்கள். பார்த்து எழுதுவதில் மூன்று படிகள் உண்டு. முதலாவது, தூரிகையைத் தொடாமல் பார்ப்பது. இரண்டாவது, மெல்லிய தாளை மேலே வைத்து ஒற்றி எழுதுவது. மூன்றாவது, அருகில் வைத்துப் பார்த்து எழுதுவது. ஒற்றி எழுதுவதால் கட்டமைப்பு கைக்கு விரைவில் பழகும். அதிலேயே தங்கிவிட்டால் கண் தூங்கிவிடும். ஓர் எழுத்தை இரண்டு முறை ஒற்றினால் ஐந்து முறை பார்த்து எழுதுங்கள். அதன் பிறகு புத்தகத்தை மூடிவிட்டு ஒரு முறை நினைவிலிருந்து எழுதி, மீண்டும் திறந்து ஒப்பிடுங்கள். எங்கே நினைவு தவறியதோ அங்கே நீங்கள் பார்க்கவே இல்லை என்று தெரிந்துகொள்வீர்கள்.

பார்ப்பது என்றால் என்ன என்பதற்கு 'மூன்று' என்னும் எழுத்தைச் சொல்கிறேன். ஒன்றன்கீழ் ஒன்றாக மூன்று கிடைக்கோடுகள், அவ்வளவுதான். முதல் முறை பார்ப்பவருக்கு மூன்றும் ஒன்றேபோல் தோன்றும். கட்டங்களின் உதவியால் அளந்து பாருங்கள். மேற்கோடு இரு முனைகளும் சற்று உயர்ந்து கிண்ணம்போல் குழிந்திருக்கும். நடுக்கோடு எல்லாவற்றிலும் குறுகியது, ஏறத்தாழ நேரானது. அடிக்கோடு நீண்டு, நடுவில் உயர்ந்து முனைகள் தாழ்ந்து, கவிழ்த்த தட்டுப்போல் மற்ற இரண்டையும் தாங்கும். இடைவெளிகள் இரண்டும் சமம். மூன்று கோடுகளின் இடமுனைகளும் ஒரே நேரில் இல்லை. இவ்வளவையும் கண்டபின் எழுதினால் அது எழுத்து. காணாமல் எழுதினால் மூன்று குச்சிகள். ஒரு நாளைக்கு நான்கு எழுத்துகளுக்கு மேல் எடுக்க வேண்டாம் என்று நான் சொல்வதற்குக் காரணம் இதுதான்.

கல்வெட்டைப் பார்த்து எழுதுபவர் அறிந்திருக்க வேண்டிய நுட்பம் ஒன்று உண்டு. நம் கையில் இருப்பது யான் ஜென்சிங்கின் மை அன்று. அவர் எழுதியதைக் கல்தச்சர் உளியால் வெட்டி, அக்கல்லின் மேல் ஈரத்தாள் ஒற்றி மை தட்டி எடுத்த படி. அதனால்தான் கருப்பில் வெள்ளை எழுத்தாகத் தெரிகிறது. தானே எழுதிப் பிறரை வெட்டச் செய்தாலும் அது தன் எழுத்தாக இராது, கல்வெட்டைப் பார்த்துக் கற்க முடியாது என்றே சோங் காலத்து எழுத்துக்கலைஞர் மீ ஃபூ (1051–1107) கடுமையாகச் சொன்னார். அவ்வளவு தூரம் நான் போகமாட்டேன். ஆயினும் அவருடைய எச்சரிக்கையில் உண்மை உண்டு. யான் ஜென்சிங்கின் எழுத்தில் கொக்கிக்கு முன்னும் வலச்சரிவின் முடிவிலும் ஒரு வெட்டு, ஒரு பிளவு தெரியும். அவற்றில் ஒரு பகுதி தூரிகை திரும்பிய தடம். ஒரு பகுதி உளியின் கூர்மை. தொடக்கநிலையாளர் அந்தப் பிளவையே யான் ஜென்சிங் எழுத்தின் அடையாளமாகக் கருதி, தூரிகை முனையால் தனியே வரைந்து சேர்ப்பார்கள். ஒரே அழுத்தத்திலும் விடுபடலிலும் எது வருகிறதோ அதுவே எழுத்து, வராததை விட்டுவிடலாம்.

காலத்தைப் பற்றி: நாளொன்றுக்கு அரைமணி முதல் முக்கால் மணி நேரம், வாரத்தில் ஆறு நாள் என்று வைத்துக்கொண்டால், கோடுகளுக்கு மூன்று மாதம், பிறகு ஒரு கல்வெட்டோடு ஒன்பது மாதம் என்பது நியாயமான அளவு. ஞாயிற்றுக்கிழமை மட்டும் நான்கு மணி நேரம் எழுதுவது இதற்கு ஈடாகாது. ஆறு நாள் இடைவெளியில் கை மறந்துவிடும். ஆறாம் மாத வாக்கில் எழுத்து முன்னைவிட மோசமாகிவிட்டதாகத் தோன்றும். கண் கையை முந்திச் சென்றுவிட்டதன் அறிகுறி அது. அந்த நேரத்தில்தான் பலர் வேறு முன்மாதிரிக்குத் தாவுகிறார்கள். தாவாதீர்கள். ஆசிரியர் இல்லாத குறையை ஓரளவு ஈடுசெய்ய, கைப்பேசியைப் பக்கவாட்டில் நிறுத்தி உங்கள் மணிக்கட்டைப் படம்பிடித்துப் பாருங்கள். காம்பு சாய்வதும் மூச்சை அடக்குவதும் எழுதும்போது தெரியாது, படத்தில் தெரியும். எழுதிய தாளை இரண்டு மீட்டர் தொலைவில் சுவரில் ஒட்டிப் பார்ப்பதும் உதவும்; அருகில் கோடு தெரியும், தொலைவில்தான் கட்டமைப்பு தெரியும். சிங்கப்பூரிலோ மலேசியாவிலோ இருப்பவராயின் சீனப் புத்தாண்டுக்கு முந்தைய வாரங்களில் கடைத்தெருவில் சிவப்புத் தாளில் வாழ்த்து எழுதித் தரும் முதியவர்களின் அருகே நின்று பாருங்கள். அவர்களின் தோள் அசைவதைப் பத்து நிமிடம் பார்ப்பது எந்த விளக்கத்தையும்விட மேலானது.

இடக்கைப் பழக்கம் உள்ளவர்கள் என்ன செய்வது என்றும் சிலர் கேட்பதுண்டு. கோடுகள் வலப்புறம் ஏறுவதும் வலப்புறம் அழுந்தி முடிவதும் வலக்கைக்கு இயல்பானவை. தூரிகை இரு கைகளுக்குமே புதிது என்பதால் மூன்று மாதம் வலக்கையால் முயன்று பார்க்கலாம். ஒத்துவராவிட்டால் இடக்கையாலேயே எழுதுங்கள். ஹூஜோவைச் சேர்ந்த ஃபெய் சின்வோ (1903–1992) 1958-இல் நோயால் வலக்கையின் திறனை இழந்து, ஐம்பது வயதுக்கு மேல் இடக்கையால் புதிதாகப் பழகி, இடக்கை எழுத்துக்காகவே நாடறிந்தவரானார்.

ஒவ்வொரு நாளும் எழுதி முடித்ததும் தூரிகையைக் குளிர்ந்த நீரில் கழுவுங்கள். சுடுநீர் வேண்டாம், வேர்ப்பசை இளகி மயிர் உதிரும். வெளியே வரும் நீர் தெளிந்தால் போதாது. மயிர்க்கற்றையின் அடியை விரல்களால் மெல்ல அழுத்தினால் அங்கே தங்கிய கருமை மீண்டும் வடியும், அதுவும் போக வேண்டும். அடியில் காய்ந்த மை மயிரைப் பிளந்துவிடும். பிளந்த தூரிகை கூராவதில்லை. கழுவியபின் நீரை வழித்து, முனையைக் குவித்து, முனை கீழ்நோக்கித் தொங்கவிடுங்கள். குவளையில் முனை மேலாக நிறுத்தினால் நீர் காம்புக்குள் இறங்கி மூங்கில் வெடிக்கும்.

ஓராண்டு முடிந்த பின் சிங்ஷூவுக்குச் செல்ல விரும்பினால் எல்லோரும் வாங் ஷீஜியின் லான்டிங்கைத்தான் சொல்வார்கள். அது ஈடற்றது, மூலம் அழிந்து படிகளே எஞ்சியுள்ளன. அதற்கு முன் வேறொன்றைப் பார்க்கச் சொல்வேன். தைபெயின் தேசிய அரண்மனை அருங்காட்சியகத்தில் யான் ஜென்சிங் 758-இல் எழுதிய ஒரு வரைவு இருக்கிறது. தாங் படைத்தலைவன் அன் லூஷானின் கிளர்ச்சியில் கொல்லப்பட்ட, ஒன்றுவிட்ட அண்ணனின் மகனுக்கான இரங்கலுரை அது. 200-க்கும் மேற்பட்ட எழுத்துகள், அவர் கையால், மையால், தாளில். மை தோய்ந்து தொடங்கி வறண்டு கீறலாகி மீண்டும் தோய்வது தெரியும். தந்தை சிறைப்பட்டதையும் மகன் இறந்ததையும் சொல்லும் இடத்துக்கு அருகே அடித்துத் திருத்தியிருக்கிறார். ஓராண்டாக யான் சின்லியின் நிமிர்ந்து நிற்கும் எழுத்துகளைப் பார்த்து எழுதியவர் அந்த வரைவின் பெரிதாக்கிய படத்தை எடுத்துக்கொண்டு, அதே அகன்ற தோள்களையும் அதே தடித்த குத்துக்கோடுகளையும் அந்த அவசரத்துக்குள் தேடிப் பார்க்கட்டும். கண்டுபிடித்த எழுத்துகளிலிருந்து பத்தைத் தேர்ந்தெடுத்து எழுதத் தொடங்கலாம்.